ஜிம் கார்பெட்: புலியைச் சுட்ட பிறகு அவர் என்ன குறித்துவைத்தார்?

'ஆட்கொல்லிப் புலி சுடப்பட்டது' என்று ஒரு செய்தி வந்தால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சுடப்பட்டது அதே புலிதானா என்பது. இரண்டாவது கேள்வி, அதை யார் உறுதிசெய்தார்கள், எதை வைத்து என்பது. இந்த இரண்டு கேள்விகளும் இன்று சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இமயமலை அடிவாரத்தில் ஒரு மனிதர் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் இதே கேள்விகளை விலங்கின் உடலிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜிம் கார்பெட்டை உங்களுக்குத் தெரியும். உத்தராகண்டில் அவர் பெயரில் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு நீங்களோ உங்கள் அலுவலக நண்பர்களோ போய் ஜீப் சஃபாரி படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கலாம். ஆட்கொல்லிகளைச் சுட்ட வீரர், பிறகு காட்டைக் காக்கச் சொன்னவர் என்று இரண்டு வரியில் அவர் கதையை முடித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் சமாச்சாரம்தான் சுவாரஸ்யமானது.

தபால்காரர் வீட்டுப் பிள்ளை

1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிரம்பாதபோது அப்பா இறந்துவிட்டார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் கீழே காலாடுங்கி என்று மாறி மாறி வாழ்ந்த குடும்பம் அது. காலாடுங்கியைச் சுற்றியிருந்த காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். சிறுவயதிலேயே கையில் துப்பாக்கி. எந்தப் பறவை எதற்குக் கத்துகிறது, எந்தத் தடம் எத்தனை மணி நேரம் பழையது என்பதெல்லாம் அங்கே படித்ததுதான்.

பதின்வயதின் முடிவில் ரயில்வே வேலை. பிறகு பிகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம். அகலப் பாதை வண்டியில் வரும் சரக்கை ஆற்றைக் கடத்தி மீட்டர் பாதை வண்டியில் ஏற்ற வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இதுதான் அவருடைய பிழைப்பு. புலி வேட்டை அவர் தொழில் அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். லீவு போட்டுவிட்டுப் போய்த்தான் ஆட்கொல்லிகளைத் தேடினார்.

வெகுமதியும் தப்பான உடலும்

அந்தக் காலத்தில் ஆட்கொல்லி விலங்குக்கு அரசு ஒரு வெகுமதி அறிவிக்கும். சுட்டவர் தோலைக் கொண்டுவந்து காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். முறை எளிமையானது. பிரச்சினையும் அங்கேதான். எந்தப் புலியின் தோலைக் காட்டினாலும் அது புலித்தோல்தான். மனிதரைக் கொன்ற புலியா, பேசாமல் மான் தின்றுகொண்டிருந்த புலியா என்று தோல் சொல்லாது.

1907இல் சம்பாவத் பெண் புலியைத் தேடிப் போகச் சொல்லிக் கேட்டபோது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். வெகுமதி அறிவிப்பை ரத்துசெய்ய வேண்டும். ஏற்கெனவே அனுப்பியிருந்த வேட்டைக்காரர்களையும் சிப்பாய்களையும் திரும்பப் பெற வேண்டும். பணத்துக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் புதரில் அசைவைப் பார்த்துத் தன்னையே சுட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. நியாயமான பயம்தான்.

அந்தப் புலி நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் அதைச் சுட்ட பிறகு செய்த காரியத்தைப் பாருங்க. வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். என்றைக்கோ யாரோ ஒருவர் அதைச் சுட்டிருக்கிறார், குறி தப்பித் தாடையில் பட்டிருக்கிறது, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். புலியால் தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனது. காயம்பட்டு ஓடிய அந்தப் புலியைப் பற்றி அந்த வேட்டைக்காரர் எங்கும் எழுதிவைக்கவில்லை. விலையை 436 குடும்பங்கள் கொடுத்தன.

கார்பெட்டின் வாழ்க்கையில் இது ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. அவர் சுட்ட கடைசி ஆட்கொல்லி தாக் கிராமத்துப் பெண் புலி. 1938 நவம்பர், அவருக்கு வயது 63. அதன் உடலிலும் பழைய குண்டுக் காயங்கள், ஒன்று சீழ் பிடித்திருந்தது. முக்தேசர் புலிக்கு ஒரு கண் இல்லை, உடம்பில் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் வரை ஏறியிருந்தன. எல்லா ஆட்கொல்லிக்கும் காரணம் மனிதனின் துப்பாக்கி என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் உடலையும் பார்த்து, அதற்கு என்ன காரணமோ அதை எழுதினார்.

தப்பாகப் போன ஒரு குண்டு

சௌகட் கதை இன்னும் சிக்கலானது. அங்கே இரண்டு புலிகள் சேர்ந்து திரிந்தன. வயதான தாய், வளர்ந்த குட்டி. 1929இல் கார்பெட் சுட்டது குட்டியை. உடலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த உடலைக் காட்டி வேலை முடிந்தது என்று சொல்லியிருந்தால் மாவட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருக்கும், பேப்பரிலும் வந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தாக்குதல்கள் தொடர்ந்தன. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. குட்டி போன பிறகு தாக்கப்பட்டவர்களில் காயத்தோடு தப்பியவர்கள் அதிகமானார்கள். 1930 ஏப்ரலில் தாய்ப்புலி விழுந்தபோது காரணம் புரிந்தது. நகங்கள் உடைந்து, பற்கள் தேய்ந்து போயிருந்தன. தனியாகக் கொல்ல அதற்குத் தெம்பில்லை. அந்த இரண்டு புலிகளின் பெயரில் 64 மரணங்கள் பதிவாகியிருந்தன.

ருத்ரபிரயாக் சிறுத்தை விவகாரத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1918 முதல் 1926 வரை 125 பேர். பத்ரிநாத், கேதார்நாத் போகும் யாத்திரைப் பாதையில் இருந்ததால் நாடு முழுக்கச் செய்தி. 10,000 ரூபாய் வெகுமதி, கூடவே இரண்டு கிராமங்கள். கர்வாலில் ஏற்கெனவே 4,000 துப்பாக்கி உரிமங்கள் இருந்தன, இதற்கென்றே இன்னும் 300. விளைவு என்ன? அப்பாவிச் சிறுத்தைகள் நிறையச் செத்தன. ஒருமுறை இரும்புப் பொறியில் ஒரு சிறுத்தை சிக்கிச் சாகடிக்கப்பட்டது. எல்லாரும் ஆட்கொல்லி ஒழிந்தது என்று கொண்டாடினார்கள். கார்பெட்டுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. சில நாளில் அடுத்த மரணம் நடந்தது.

1926 மே மாதத் தொடக்கத்தில், இரவில், ஒரு மாமரத்தின் மேல் உட்கார்ந்து அவர் அதைச் சுட்டார். விடிந்ததும் ஒரு குறிப்பு எழுதினார். இந்தக் குறிப்பை நிதானமாகப் பார்க்கலாம், ஏன்னா இன்றைய பிரேதப் பரிசோதனை அறிக்கையின் சாயல் இதில் இருக்கிறது.

நீளம் இரண்டு விதமாக அளக்கப்பட்டது. முதல் முறையில் உடலை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, உடலை அகற்றிவிட்டு இடையே உள்ள தூரத்தை அளப்பார்கள். இரண்டாவது முறையில் முதுகின் வளைவோடு நாடாவை ஓட்டுவார்கள். இதில் சில அங்குலம் கூடிவிடும். ருத்ரபிரயாக் சிறுத்தை முதல் கணக்கில் 7 அடி 6 அங்குலம், இரண்டாவதில் 7 அடி 10 அங்குலம். கார்பெட் இரண்டையும் எழுதினார். செத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அளந்தது என்பதையும் எழுதினார். (வைஸ்ராய்கள் சுடும் புலிகளை அளக்க, ஓர் அடிக்கு 11 அங்குலம் போட்ட தனி நாடா இருந்ததாக அந்தக் காலத்தில் ஒரு கேலி உண்டு. எந்த முறையில் அளந்தார்கள் என்று சொல்லாத சாதனை நீளம் எதையும் நம்பாதீங்க.)

பிறகு அடையாளங்கள். வெளிறிய நிறம், தேய்ந்த பற்கள், உடைந்த கோரைப்பல் ஒன்று, காலில் பழைய குண்டுக் காயம், ஒரு விரலின் ஒரு பகுதியும் ஒரு நகமும் இல்லை. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். 1921இல் இரண்டு ராணுவ அதிகாரிகள் ருத்ரபிரயாக் பாலத்தில் பல இரவு காத்திருந்து இதே சிறுத்தையைச் சுட்டிருந்தார்கள், அது காயத்தோடு தப்பியது. அந்தச் சம்பவம் தெரிந்திருந்ததால்தான் ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த உடலை அடையாளம் காண முடிந்தது.

கார்பெட்டை மகானாக்க வேண்டாம். 1930இல் அவர் சுட்ட பொவால்கர் புலி யாரையும் கொன்றதில்லை. பெரிய புலி என்பதால் பலரும் ஆசைப்பட்ட புலி, அவ்வளவுதான். வளைவோடு அளந்து 10 அடி 7 அங்குலம். அதையும் அவரே எழுதிவைத்தார். வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைகளுக்கும் உதவினார். ஆனால் 1920களிலேயே, வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியனின் புலிப் படங்களைப் பார்த்துக் கேமரா பக்கம் திரும்பிவிட்டார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி பெயரில் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. 1944இல் 'குமாவூனின் ஆட்கொல்லிகள்' வெளிவந்தபோது உலகப் புகழ். 1947இல் அக்கா மேகியோடு கென்யாவின் நியேரிக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19 அன்று அங்கேயே இறந்தார். சில ஆண்டுகளில் பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது.

சட்டம் எப்போது வந்தது?

கார்பெட் காலத்தில் காட்டை வேட்டைத் தொகுதிகளாகப் பிரித்து அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். நம் நீலகிரியில் 1879லேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டம் இருந்தது. நாடு முழுக்க ஒரே விதி என்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் வந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். அந்தச் சட்டம் முதலில் வேட்டையை முழுக்கத் தடைசெய்யவில்லை. புலி போன்ற விலங்குகளைத் தடைப் பட்டியலில் வைத்துவிட்டு, மற்றவற்றுக்குச் சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை என்று உரிமங்கள் வைத்திருந்தது. உரிமம் வாங்கியவர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பெரிய விலங்கு ஒன்றைக் கொன்றாலோ பிடித்தாலோ 15 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உரிமக் காலம் முடிந்ததும் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும்.

கொன்றால், பிடித்தால் என்பதோடு சட்டம் நிற்கவில்லை. காயப்படுத்தினாலும் தெரிவிக்க வேண்டும் என்றது. சம்பாவத் புலியின் உடைந்த பல்லை நினைத்துக்கொண்டு அந்த விதியைப் படித்தால் அதன் தேவை புரியும். 1991 திருத்தத்தில் உரிமங்களே போய்விட்டன. பதிவேடும் கூடவே போயிற்று.

இப்போது ஒரு புலியைச் சுட வேண்டும் என்றால் வழி மிகக் குறுகியது. அது மனித உயிருக்கு ஆபத்தானது, பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தோடு எழுத்தில் உத்தரவிட வேண்டும். எந்தப் புலி என்பதைக் கேமரா பொறிகளில் பதிந்த வரிகளை வைத்து உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு புலியின் வரியும் வேறு, நம் கைரேகை மாதிரி. 2021இல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி23 என்ற எண்ணால் அறியப்பட்ட புலியை வனத்துறை வாரக்கணக்கில் தேடியது நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அவசரப்பட்டுக் கொல்ல வேண்டாம் என்றது. அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

புலி இறந்துவிட்டால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது கள்ளவேட்டை என்றே வைத்து விசாரிக்க வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நடைமுறை. படம் எடுத்து, பிரேதப் பரிசோதனை செய்து, மாதிரிகளை எடுத்துக்கொண்டு, மற்றதைச் சாட்சிகள் முன் எரித்துவிடுவார்கள். தோல், நகம், மீசை எதுவும் யாருக்கும் பரிசாகப் போகாது.

சரி, தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு மான் கொம்பு தொங்குகிறதே, அது என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். 1972இல் இப்படிப்பட்ட பொருள் வைத்திருந்தவர்கள் அரசிடம் அறிவிக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் அதில் அடையாளக் குறி இடலாம், உரிமைச் சான்றிதழ் தரலாம். அறிவிக்காதவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கிடைத்தது. சான்றிதழ் இருந்தால் வாரிசாக நீங்கள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கைக்கு வந்த 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விற்க முடியாது. வேண்டாம் என்று தோன்றினால், 2022 திருத்தத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிடலாம், அதற்கு இழப்பீடு எதுவும் கிடைக்காது. சான்றிதழே இல்லை என்றால் ஓஎல்எக்ஸில் படம் போடுவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.