பிளேக்கும் பெருமாட்டியும்

கப்பலிலே சரக்கு வரும்; சில வேளை சாவும் வரும். துறைமுகத்தை நம்பி வாழும் வியாசர்பாடித் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1894இல் ஹாங்காங்கை ஆட்டிப் படைத்த பிளேக், 1896இல் பம்பாயில் இறங்கிற்று; பூனாவுக்குத் தாவிற்று. வசதி படைத்தோர் வண்டி கட்டிக்கொண்டு ஓடினர். வழியற்றோர்? இருந்தனர், இறந்தனர்.

ஓடாமல் நின்றார் ஒரு மூதாட்டி. சாவித்திரிபாய் பூலே அம்மையார், வயது 66.

1831இல் நய்காவ் சிற்றூரில் பிறந்தவர். ஒன்பது வயதிலே திருமணம். எழுத்தைக் கற்றது கணவர் ஜோதிராவிடம். 1848இல் பூனாவில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்தபோது அம்மையாரே ஆசிரியை. பெண்ணுக்குப் படிப்பா என்று பதறிய சனாதனக் கும்பல், அவர் நடந்த வழியெல்லாம் சாணியும் சேறும் வீசிற்று. அம்மையார் என்ன செய்தார்? மாற்றுச் சேலையைக் கையோடு கொண்டுபோனார்; பள்ளியிலே உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார்! கருவுற்ற விதவைகள் பழிக்கஞ்சிப் பச்சைக் குழந்தையைக் கொல்லும் கொடுமை ஒழிய, 1863இல் இல்லம் அமைத்தனர் தம்பதியர். அங்கு ஒரு பார்ப்பன விதவை பெற்ற பிள்ளையையே மகனாக ஏற்றனர். யஷ்வந்த் என்ற அந்தப் பிள்ளைதான் பின்னாளில் மருத்துவர். 1890இல் ஜோதிராவ் மறைந்தபோது, கொள்ளிச் சட்டி ஏந்தி முன்னே நடந்தவரும் அம்மையாரே. மகன்தான் ஏந்த வேண்டுமென்ற சாத்திரம் அன்று வாயடைத்து நின்றது!

1897இல் தாயும் மகனும் பூனாவின் புறத்தே பிளேக் நோயாளிகளுக்கென மருத்துவமனை நடத்தினர். நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. எலித்தெள்ளே நோயைப் பரப்புகிறதென்று சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டது 1898இல்தான். பிப்ரவரியிலே சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டம் செய்தது. மார்ச்சிலே சிப்பாய்கள் பூனாவின் வீடுகளில் புகுந்தனர். (2020இல் கொரோனா ராயபுரத்தை உலுக்கியபோதும் அதே சட்டம்தான் தூசு தட்டி எடுக்கப்பட்டது. சட்டம் போடுவது சர்க்கார்; துடைப்பம் பிடித்ததும், கதவைத் தட்டிக் காய்ச்சல் விசாரித்ததும் நம் வீட்டுப் பெண்கள்!)

முந்த்வா சேரியில் மகார் சிறுவனொருவன் பிளேக்கில் துடிப்பதாகச் செய்தி வந்தது. தொட்டாலே தீட்டென்ற நாள் அது; தொட்டால் சாவென்ற நோய் அது. அம்மையார் போனார். சிறுவனை முதுகிலே சுமந்து மருத்துவமனை சேர்த்தார். சிறுவன் பிழைத்தான் என்பர். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10 அன்று மாண்டார்.

மகன் யஷ்வந்த் மருத்துவத்தை விடவில்லை. 1905இல், பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்தபோதே, அதே நோய்க்கு அவரும் பலியானார்.