ஐங்கலை வல்லுநர் செங் மான்சிங்

காலை மணி அடித்ததும் மைதானத்தில் வரிசையாக நின்று, விசில் ஓசைக்கேற்பக் கைகால்களை விரைந்து வீசிப் பழகியவர்கள் நாம். சற்று மெதுவாகச் செய்தால் போதும், ஆசிரியையின் பார்வை நம்மீது விழும்! ஆனால் எவ்வளவு மெதுவாகச் செய்கிறோமோ அவ்வளவு நன்று என்று சொல்லும் பயிற்சி ஒன்று சீன நாட்டில் உண்டு. அதுவே தாய்ச்சி. பார்ப்பவர்க்கு அது நீருக்குள் ஆடும் நடனம் போலத் தோன்றும். பிறப்பால் அது ஒரு போர்க்கலை. அதனை மேலை நாட்டவர் அறியச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் செங் மான்சிங்.

இவர் 1902ஆம் ஆண்டு சீனாவின் செஜியாங் மாகாணத்தில், வென்சௌ நகரப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயாரே கவிதையும் தூரிகை பிடித்து எழுதும் முறையும் சொல்லிக் கொடுத்தார். மூலிகைகளையும் இனம் காட்டினார். சிறுவனாயிருந்தபோது தலையில் செங்கல் விழுந்து நெடுநேரம் நினைவற்றுக் கிடந்தார் என்பர். பிழைத்தெழுந்த பிள்ளையைக் கடினமான படிப்பில் வருத்த வேண்டாம் என்று ஓர் ஓவியரிடம் மை அரைக்கும் வேலைக்கு விட்டார்கள். மை அரைத்த கை ஓவியக் கையாயிற்று. இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே பீகிங் நகரில் கவிதை கற்பிக்கும் ஆசிரியரானார். பின்னர் ஷாங்காயில் ஓவியம் கற்பிக்கும் பொறுப்பு வந்தது. அவருடைய வயதில் இத்தனை பெருமை எத்தனை பேருக்குக் கிட்டும்?

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. பீகிங்கில் நலம் குன்றியபோது நண்பர் ஒருவர் சொல்லித் தாய்ச்சி பழகத் தொடங்கினார். சில நாளில் விட்டுவிட்டார். (கோடை விடுமுறையில் நாம் தொடங்கும் நாட்குறிப்பைப் போல என்று வைத்துக் கொள்ளலாம்.) ஷாங்காயில் இரவு பகலாக உழைத்ததில் காசநோய் பற்றியது, இருமலில் இரத்தம் வந்தது. அது 1920களின் பிற்பகுதி. காசநோயைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் இரத்த வாந்தி என்றால் வீட்டார் நம்பிக்கை இழந்து விடுவார்கள். கைவிட்ட பயிற்சியை மீண்டும் கையிலெடுத்தார் செங். இம்முறை விடவில்லை. நோய் மெல்ல விலகியது.

இங்கே நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் தேறியதற்குப் பயிற்சி மட்டுமே காரணமா என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. இன்று காசநோய்க்கு நல்ல மருந்து உண்டு. அதை மாதக்கணக்கில் தவறாமல் உண்பதே வழி. ஆனால் தாய்ச்சி பழகும் முதியவர்கள் தடுமாறி விழுவது குறைகிறது என்பதை மருத்துவர்கள் ஆராய்ந்து ஒப்புக் கொண்டுள்ளார்கள்.

அந்நாளில் தாய்ச்சியில் தலைசிறந்து விளங்கியவர் யாங் செங்பூ. இவருடைய பாட்டனார் யாங் லூசான் பீகிங்கிலேயே பெயர்பெற்ற போர்க்கலை வீரர். பேரனோ அக்கலையிலுள்ள துள்ளலையும் வேகத்தையும் குறைத்து, யாவரும் பழகத்தக்கதாக ஆக்கியவர். நோயுற்றிருந்த யாங்கின் மனைவியைச் செங் தம் மருத்துவத்தால் குணப்படுத்தினார் என்றும், அந்த நன்றியால் ஆசான் ஒளிக்காமல் கற்றுத் தந்தார் என்றும் சீடர்கள் சொல்வதுண்டு. 1934இல் யாங் வெளியிட்ட நூலுக்குச் செங் முன்னுரை எழுதினார். 1936இல் ஆசான் மறைந்தார்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில் ஹூனான் மாகாணத்தில் பலருக்குக் குறுகிய காலத்தில் பயிற்சி தர வேண்டியிருந்தது. நூற்றுக்கு மேல் அசைவுகள் கொண்ட நீண்ட முறையைக் கற்பிக்க நேரமேது? திரும்பத் திரும்ப வருவனவற்றை நீக்கி 37 நிலைகளாகச் சுருக்கினார். மரபைக் குலைத்து விட்டார் என்று குறைகூறியோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனினும் பத்து நிமிடத்துக்குள் முடியும் இந்தச் சிறுமுறைதான் வேலைக்குச் செல்வோரையும் முதியோரையும் எட்டியது என்பது நம் எண்ணம்.

அம்முறையில் முதுகு நிமிர்ந்திருக்கும். உச்சந்தலையை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல. முழங்கால் சற்றே மடிந்திருக்கும். உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு, குடத்து நீரை வேறு குடத்தில் ஊற்றுவது போல முழுவதும் மாறும். மூச்சு அடிவயிறு வரை இறங்கும். மணிக்கட்டை மடக்காமல் கையை இயல்பாக நீட்டியிருக்க வேண்டும் என்பது செங்கின் தனிக் குறிப்பு. இதற்கு அழகிய பெண்ணின் கை என்று பெயர்! முறுக்கிய கையில் ஆற்றல் ஓடாது, தளர்ந்த கையில்தான் ஓடும் என்பது அவர் கருத்து. காலை எழுந்ததும் சிறிது நேரம், இரவு படுக்குமுன் சிறிது நேரம் பழகினால் போதும் என்பார்.

1949இல் தைவான் தீவுக்குக் குடிபெயர்ந்தார். ஓவியம், கவிதை, எழுத்துக்கலை, மருத்துவம், தாய்ச்சி ஆகிய ஐந்திலும் தேர்ந்தவர் என்று அங்கே புகழப்பட்டார். 1960களின் நடுவில் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரின் சீனர் குடியிருப்பில் கற்பிக்கத் தொடங்கினார். வியட்நாம் போரால் அந்நாட்டு இளைஞர் மனங்கலங்கியிருந்த காலம் அது. நீண்ட தலைமுடியும் கிழிந்த உடையுமாக அவர்கள் வந்தார்கள். சீனப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வேற்றினத்தாருக்கு நம் கலை எதற்கு என்றும் கேட்டார்கள். செங் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒருகட்டத்தில் பழைய இடத்தை இழந்து, வேறிடத்தில் பள்ளி நடத்த நேர்ந்தது. அங்கே தாய்ச்சியுடன் தூரிகை எழுத்தும் உண்டு, லாவோ சூவின் நூல் பற்றிய விரிவுரையும் உண்டு. ஆங்கிலம் பேசாத அவர், மொழிபெயர்க்கும் மாணவரை அருகில் வைத்துக்கொண்டே கற்பித்தார்.

பழைய சீன நூலாகிய யீ சிங்குக்குத் தாம் எழுதிய விளக்கத்தை அச்சேற்றத் தைவான் திரும்பியிருந்தபோது, 1975 மார்ச் 26 அன்று காலமானார். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அவர் பயிற்சி செய்வதைக் காட்டும் திரைப்படச் சுருள்கள் சில இன்னும் இருக்கின்றன. மெல்லிய தாடியுடைய ஒருவர் அவசரமேயின்றி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நகர்கிறார். ஒருகாலத்தில் இருமி இரத்தம் கக்கியவர் அவர்தாம் என்று சொன்னால் நம்புவது கடினம்.