ஐடா அம்மையார் காட்டிய வழி

பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் வண்டி காட்பாடியில் நிற்கும்போது வேலூருக்கென்று ஒரு கூட்டம் இறங்கும். கையில் மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே உறையும், முகத்தில் கவலை. அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் நினைவு வரும்.

நான் செவிலியர் படிப்பில் இறுதியாண்டு மாணவி. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் இங்கு வந்தவள். முதலாண்டு முழுவதும் தோற்றவள் என்ற எண்ணத்தோடே வகுப்பில் அமர்ந்திருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது அம்மையாரின் வாழ்க்கை. புதிதாய் வந்திருக்கும் தம்பி தங்கையர்க்கு அதைச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவப் பாதிரிமார். ஆனால் ஐடாவுக்கு அவ்வழியில் நாட்டமில்லை; அமெரிக்காவிலேயே வாழ எண்ணியிருந்தார். 1890-இல் நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வாயிலில் நின்றனர். மூவர் வீட்டிலும் மனைவி பேறுகால வேதனையில் இருந்தாள். ஆண் மருத்துவரை உள்ளே விட வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அன்றே அவர் தம் வழியைத் தேர்ந்துகொண்டார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை எழுந்தது. அறுவை முடிந்ததும் மருத்துவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். இரவெல்லாம் அருகிருந்து காப்பது யார்? பிறர் புண்ணையும் மலத்தையும் தொடும் வேலை இழிவென்று எண்ணிய காலம் அது. அந்நாளில், 1909-இல், அம்மையார் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததோ 1918-இல். மருத்துவரான அவர், மருத்துவரை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியரை உருவாக்கினார்! இதைப் படித்த நாளில் என் தாழ்வுணர்ச்சி பாதி கரைந்தது.

மீதியைக் கரைத்தது என் பிழைதான். இரண்டாமாண்டில் வார்டில் ஒரு பாட்டிக்கு நாடி பார்த்தேன்; மூச்சை எண்ணாமல், முன்னவர் எழுதியிருந்த எண்ணையே எழுதி வைத்தேன். மூத்த செவிலி அக்கா ஐயுற்று, ஒரு நிமிடம் முழுவதும் நின்று எண்ணினார். முப்பதைத் தாண்டியது. உடனே மருத்துவர் வந்தார், பாட்டி பிழைத்தார். உடல்நிலை சீர்கெடப் போவதை மூச்சின் வேகம் பலவேளைகளில் முதலில் காட்டிவிடும் என்பது என் பாடநூலில் இருந்ததுதான். தேர்வுக்காகப் படித்தேன்; நோயாளிக்காகப் படிக்கவில்லை. அன்று முதல், காலையில் படித்த பாடத்திற்கு மாலையில் வார்டில் ஒரு முகத்தைத் தேடுகிறேன். அப்படிப் படித்தது மறப்பதில்லை.

படித்தபின் எங்கே போவது? அம்மையார் வாழ்விலேயே மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, படுக்கையருகே நிற்பது. தீவிர சிகிச்சை, அறுவைக் கூடம், மனநலம் எனத் தனித்திறன் பெறலாம். மனநலச் செவிலியர் கல்விக்கு நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. இரண்டு, மக்களிடம் செல்வது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக அம்மையார் சாலையோரத்திலேயே மருத்துவம் பார்த்தார். மூன்று, கற்பிப்பது, அவர் தொடங்கிய பள்ளி 1946-இல் பட்டப்படிப்பு தரும் கல்லூரியாயிற்று. வெளிநாட்டு வேலையையும் நான் குறை சொல்லேன். கல்விக் கடன் கட்டும் குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் ஊதியத்தை மட்டும் கேளாமல், எந்தத் துன்பத்தைக் கண்டால் நம்மால் சும்மா இருக்க முடியவில்லை என்றும் கேட்டுக்கொள்வோம்.

அம்மையாருக்கும் சோதனை வந்தது. பட்டப்படிப்பு அல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாதென 1938-இல் சென்னை மாகாண அரசு விதித்தது. எழுபது வயதில் அவர் மீண்டும் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். பள்ளி கல்லூரியாகப் பிழைத்தது. 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

தம்பி தங்கையரே, இடம் கிடைக்காமல் வந்தோமா, விரும்பி வந்தோமா என்று எந்த நோயாளியும் நம்மைக் கேட்பதில்லை. தன் மூச்சை நாம் எண்ணினோமா என்பதே அவர்க்கு வேண்டும்.