காலம் கடந்த பின்னும் கறுப்பு அங்கி
– கொர்னேலியா சொராப்ஜி அம்மையாரின் வாழ்க்கை –

"இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது? காலம் கடந்துவிட்டது" என்னும் பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுவதுண்டு. சட்டப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, அது இன்னும் விரைவாக எழும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்து ஆண்டுகள், அல்லது பட்டம் பெற்ற பின் மூன்று ஆண்டுகள், அதன் பின்னர் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி என்று பெற்றோர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவர். இப்படி எண்ணுவோர் யாவரும் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. ஐம்பத்தாறாம் வயதில் பாரிஸ்டரான கொர்னேலியா சொராப்ஜி அம்மையாரின் வாழ்க்கையே அது.

பிறப்பும் இளமையும்

மராட்டிய நாட்டின் நாசிக் நகரில் 1866-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் கொர்னேலியா பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கர்செட்ஜி, பார்சி குலத்தில் பிறந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர். தாயார் பிரான்சினா அம்மையார் புனேயில் பள்ளி நிறுவிப் பெண் கல்விக்கு உழைத்தவர். அந்த இல்லத்தில் பெண் மக்களைச் சுமையாகக் கருதும் வழக்கமே இல்லை. உடன்பிறந்த சூசி கல்விப் பணியில் சிறந்தார், ஆலிஸ் மருத்துவரானார்.

கொர்னேலியாவின் உள்ளத்தில் சட்டம் இடம் பிடித்ததற்கும் தாயாரே காரணம். சொத்தை நிர்வகித்தவராலேயே ஏமாற்றப்பட்டுத் தவித்த செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவர், ஆலோசனை நாடி அத்தாயிடம் வந்தார். அந்நாளில் கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்கள் அந்நிய ஆடவர் முன் வருவதில்லை. வக்கீல்களோ அனைவரும் ஆடவர். ஆகவே வாசலைத் தாண்ட முடியாத பெண்ணுக்கு நீதியின் வாசலும் மூடியே இருந்தது. இத்தகைய பெண்களுக்கு உதவச் சட்டம் கற்க வேண்டும் என்னும் எண்ணம் சிறுமியின் மனத்தில் வேரூன்றியது.

மறுக்கப்பட்ட உதவித்தொகை

புனேயின் டெக்கான் கல்லூரியில் ஆடவர் நடுவே ஒரே பெண்ணாகப் பயின்று, முதல் வகுப்பில் தேறினார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி இவரே. இங்கிலாந்தில் மேற்படிப்புப் படிக்க அரசு உதவித்தொகை பெறும் தகுதி இருந்தும், பெண் என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. மனம் தளராமல் ஆமதாபாத்தில் குஜராத் கல்லூரியில் சிறிது காலம் ஆங்கிலம் கற்பித்தார். அவர் நிலை அறிந்த இங்கிலாந்து அன்பர் சிலர் பொருள் திரட்டினர். விளக்கேந்திய பெருமாட்டி என நாம் பாடத்தில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

1889-இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு சட்டம் பயின்ற முதல் பெண் அவர். பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் பெரிதும் துணை நின்றார். எனினும் பெண் ஒருவர் சட்டத் தேர்வு எழுதப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை. அவருக்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே, 1892-இல் பி.சி.எல். தேர்வு எழுத முடிந்தது. தேறினார்; ஆனால் கிடைத்தது மூன்றாம் வகுப்பே. பட்டமோ கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அங்கு அன்று இல்லை. அப்போது அவருக்கு வயது 25.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

தாயகம் திரும்பிய பின்னும் கதவுகள் திறக்கவில்லை. 1897-இல் பம்பாயில் எல்.எல்.பி. தேர்வில் தேறினார். 1899-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் தேறினார். இரண்டிலும் தேறியும் வழக்கறிஞராகப் பதிவு பெற இயலவில்லை. பெண்ணை வக்கீலாக ஏற்கலாம் என்று சட்டம் கூறவில்லை என்பதே மறுப்பு.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம்மில் ஒருவராக இருந்தால், மூன்றாம் தேர்வுக்குப் பின்னும் வாசலில் நிறுத்தப்பட்டபோது என்ன செய்திருப்போம்? வேறு வேலையை நாடியிருப்போம், குறை கூறிக்கொண்டிருப்போம். அம்மையாரோ, பட்டமும் பதிவும் இல்லாமலே செய்யக்கூடிய சட்டப் பணி எது என்று தேடினார். கோஷாப் பெண்களுக்கென ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று அரசிடம் 1902 முதல் முறையிட்டார். 1904-இல் வங்காளத்தின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் துறையில் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. ஜமீன்தார்களின் விதவைகளும் வயது வராத பிள்ளைகளும் இத்துறையின் பாதுகாப்பில் இருந்தனர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் எங்கும் அவர் பயணம் செய்தார். அந்தப்புரங்களுக்குள் சென்று, பாயில் அமர்ந்து, பெண்களின் குறைகளை அவர்கள் வாயாலேயே கேட்டார். ஜீவனாம்சம், சுவீகாரம், சீதனம், சொத்துரிமை எனச் சிக்கல்கள் பலவகை. படிக்கத் தெரியாத பெண்ணிடம் கைரேகை வாங்கிச் சொத்தைப் பறிப்பதை அக்காலத்தில் யார் தடுப்பது? பத்திரத்தில் உள்ளதைப் படித்துச் சொல்ல ஒரு பெண் அருகிலிருந்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் அவரால் உதவி பெற்றனர். 1909-இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்துப் பாராட்டியது.

திறந்த கதவு

1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது. வயது 54. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்ததும், 1892-இல் எழுதிய தேர்வுக்குரிய பட்டத்தை 1922-இல் பெற்றுக்கொண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து வந்த பட்டம்! 1923-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அதே ஆண்டில் இந்தியாவிலும் பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று சட்டம் இயற்றப்பட்டது. 1924-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார்.

பலர் ஓய்வை எண்ணும் வயதில் அவர் இளம் வழக்கறிஞர்! ஆயினும், அதன் பின் யாவும் இனிதே நடந்தன என்று கூறினால் அது உண்மையாகாது. நீதிமன்றத்தில் எழுந்து வாதாடும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிட்டியது. பெண் என்னும் வேறுபாட்டினால், பெரும்பாலும் சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கும் பணியோடே நின்றார். 1929-இல் ஓய்வு பெற்றார். பின்னர் லண்டனில் வாழ்ந்து, தம் வாழ்க்கை வரலாற்றை 1934-இல் நூலாக வெளியிட்டார். காந்தியடிகளின் போராட்டத்தை அவர் ஏற்கவில்லை; ஆங்கில ஆட்சியையே ஆதரித்தார். அதனால் நாட்டு மக்களின் அன்பை அவர் முழுமையாகப் பெறவில்லை. அக்கருத்தில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. 1954-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், 87-ஆம் வயதில் லண்டனில் காலமானார். 2012-இல் லிங்கன்ஸ் இன்னில் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது.

நாம் கற்கும் பாடம்

அம்மையார் காலம் கடந்துதான் வழக்கறிஞரானாரா? நீதிமன்றத்தில் நின்ற ஆண்டுகளை மட்டும் கணக்கிட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டும். அவருடைய சிறந்த ஆண்டுகளை விதிகள் விழுங்கிவிட்டன. அந்த இழப்பை எந்தச் சிலையும் ஈடு செய்யாது. ஆனால் அவர் அந்த முப்பது ஆண்டுகளையும் கைகட்டிக் காத்திருந்து கழிக்கவில்லை. கதவு திறந்தபோது ஐம்பத்தாறு வயதுப் புதியவராக அவர் உள்ளே நுழையவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், பிள்ளைகளின் வழக்குகளை அறிந்தவராக நுழைந்தார். வயதை எண்ணுவோர், அந்த வயதுக்குள் சேர்ந்திருக்கும் அனுபவத்தையும் எண்ண வேண்டும் அல்லவா?

அவருக்குப் பின் வழி விரிந்தது. கேரளத்தின் அன்னா சாண்டி அம்மையார் 1937-இல் முன்சீபாகவும், 1959-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். 1989-இல் பாத்திமா பீவி அம்மையார் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். இன்று நமக்கு எந்த விதியும் தடையில்லை. எஞ்சியிருப்பது பணம், குடும்பச் சுமை, துணிவு ஆகிய கேள்விகளே. அவை சிறியவை அல்ல. சட்டத் தொழிலில் தொடக்க ஆண்டுகளில் வருவாய் குறைவு என்பதும், வீட்டுப் பொறுப்பு உள்ளவர் அதை எண்ணியே இறங்க வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் அவற்றை அவற்றின் பெயராலேயே பேசுவோம். பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று சொல்வோம். அதற்கு வழி தேடலாம். வயதின் மேல் பழியைப் போட்டால் தேட வழியே இராது.

ஆகவே தோழியரே, நம் அக்காவோ, பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் சித்தியோ, நம் அன்னையோ சட்டம் படிக்க விரும்பினால், எத்தனை வயது என்று முதலில் கேளாதிருப்போம். யாருக்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்போம். கொர்னேலியா அம்மையாரிடம் அக்கேள்விக்குச் சிறு வயதிலேயே விடை இருந்தது. அதனால்தான் முப்பது ஆண்டுகளாலும் அவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.