முறைத்துப் பார்க்காத ஊரும் ஒரு டாக்டரும்

இந்த இதழில் நாம் அறிந்துகொள்ளப் போவது சர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற பிளாஸ்டிக் சர்ஜனைப் பற்றி.

மெக்கிண்டோ 1900-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பயிற்சி பெற்று, 1930-இல் லண்டன் வந்தார். முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்துப் புகழ்பெற்ற ஹெரால்ட் கில்லிஸ் இவருடைய உறவினர். அவரிடம் தொழில் கற்றார். 1939-இல் போர் மூண்டதும், தெற்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரில் உள்ள மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

1940-இல் பிரிட்டன் வானில் கடும் சண்டை நடந்தது. அன்றைய போர் விமானங்களில் விமானிக்கு முன்னாலேயே பெட்ரோல் டேங்க் இருக்கும். குண்டு பட்டால் தீ நேராக முகத்திலும் கைகளிலும் பாயும். கண்ணிமை, மூக்கு, விரல்கள் எல்லாம் கருகிய நிலையில் வந்தவர்கள் பலரும் இருபது வயதைச் சுற்றியுள்ள பிள்ளைகள்.

அப்போது தீக்காயத்தின்மேல் டானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். விரல்கள் மடங்கிக்கொள்ளும், இமைகள் மூடாது. கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் காயம் மட்டும் நன்றாக ஆறுவதை மெக்கிண்டோ கவனித்தார். அமிலத்தை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான உப்பு நீரில் நோயாளிகளைக் குளிக்க வைத்தார். பிறகு உடலின் வேறு பகுதியிலிருந்து தோலை எடுத்து இமை, மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாக அமைத்தார். ஒருவருக்கே பல வருடங்களில் பத்து, இருபது ஆபரேஷன்கள்கூட ஆகும்.

ஆபரேஷனோடு வேலை முடிந்ததாக அவர் நினைக்கவில்லை. நோயாளி உடைக்குப் பதிலாகச் சொந்த விமானப்படைச் சீருடையையே அணிய அனுமதித்தார். வார்டில் பீர் பீப்பாய்கூட வைத்தார். ஊர்க்காரர்களைச் சந்தித்து, இந்தப் பையன்களை வீட்டுக்கு அழையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரும் கேட்டது. கடை, சினிமா, வீட்டு விருந்து என்று எல்லா இடத்திலும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

1941-இல் நோயாளிகளே சேர்ந்து ‘கினி பிக் கிளப்’ தொடங்கினார்கள். நம்மைச் சோதனை எலிபோல் வைத்துப் புதுச் சிகிச்சை செய்கிறார்களே என்ற கேலிதான் அந்தப் பெயர். பணத்தோடு ஓடிவிடக் கூடாது என்று, கால்கள் கருகியவரைப் பொருளாளராக்கினார்களாம்! போர் முடியும்போது உறுப்பினர்கள் 649 பேர். மெக்கிண்டோ 1947-இல் சர் பட்டம் பெற்றார். 1960-இல், 59 வயதில், உறக்கத்திலேயே மறைந்தார். அவருக்குப் பிறகும் அந்தக் கிளப் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் கூடியது. 2014-இல் அந்த ஊர் அவருக்குச் சிலை வைத்தது.

நமக்கும் இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. சமையலறையிலோ பட்டாசாலோ தீக்காயம் பட்டால் டூத்பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூசாதீர்கள். ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கைகளிலோ பட்டிருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரண்டாவது, முகத்திலோ கையிலோ தழும்போடு ஒருவர் நம் லிஃப்டில் ஏறினால் உற்றுப் பார்க்கவும் வேண்டாம், தலையைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். மற்றவர்களிடம் சொல்வதுபோல ஒரு வணக்கம் சொல்லி, எந்த மாடி என்று கேளுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.