பெயரில்லாத வாளின் வயது சொன்னவர்

ஜப்பானில், கியோட்டோ நகரில், 1558-ம் ஆண்டு பிறந்தவர் ஹொனாமி கோயெத்சு.

அவருடைய குடும்பத்தாருக்கு மூன்று வேலை. வாளைத் துடைப்பது, தீட்டுவது, மதிப்பிடுவது. மூன்றாவதுதான் கடினம்!

வாள் செய்த கொல்லர் தம் பெயரைக் கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் வெட்டுவார். பழைய நீண்ட வாள்களைப் பிற்காலத்தார் அடியில் நறுக்கிக் குட்டையாக்கினார்கள். பெயரும் சேர்ந்து போயிற்று! மாசாமுனே என்ற மாபெரும் கொல்லரோ, பெயர் வெட்டியதே அபூர்வம்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இரும்புதான் சாட்சி. வாளின் வளைவு காலத்தைக் காட்டும். எஃகில் மரத்தின் வரிபோல் ஓடும் ரேகையும், கூர் ஓரத்தில் வெண்மையாகத் தெரியும் அலையும் எந்த ஊர்ப் பட்டறை என்று காட்டும். அடிப்பகுதியில் ஏறிய துருவின் நிறமும் வயது சொல்லும். ஆகவே அந்தத் துருவை மட்டும் தேய்க்கவே மாட்டார்கள்!

பிரபுக்கள் வாளைப் பரிசாகக் கொடுத்து வாங்கிய காலம் அது. ஹொனாமி குடும்பத்தார் சொல்வதே விலை. தீர்ப்புப் பிசகினால் குடும்பத்தின் பெயர் கெடும்.

இப்படிப் பழகிய கண் கோயெத்சுவுக்கு. அழகிய கையெழுத்து, அரக்குப் பெட்டி, மண் கிண்ணம் எல்லாவற்றிலும் பேர் எடுத்தார். 1615-ல் தொகுகாவா இயேயாசு, கியோட்டோவுக்கு வடக்கே தக்ககமினேயில் அவருக்கு நிலம் கொடுத்தார். கைவினைஞர்களோடு அங்கே குடியேறினார். 1637-ல் காலமானார்.

அவர் செய்த 'புஜி மலை' என்னும் தேநீர்க் கிண்ணம் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.