மானிப்பாயில் தமிழ் பேசிய மருத்துவம்: டொக்டர் கிறீனும் கண்ணின் நோய்க்குறிகளும்

உடலின் பிற உறுப்புகளுக்கு நோய் வந்தால் வைத்தியர் தொட்டும் தட்டியும் நாடி பிடித்தும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். கண்ணின் நிலை வேறு. அதன் நோய்களுட் பல, நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி வெளிப்படாதவை. விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிகிறது, அந்தி சாய்ந்தால் படலை தெரியவில்லை, கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலிருக்கிறது என்பன யாவும் நோயாளி ஒருவரே காண்பவை. அவற்றை அவர் சொல்ல வேண்டும். சொன்னதை வைத்தியர் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது கண் அழுத்த நோயின் அறிகுறியாகலாம். இரண்டாவது மாலைக்கண்ணாகலாம். கடைசி இரண்டும் திடீரென வந்தால், விழித்திரை கழன்று வருகிறதோ என ஐயுற்று அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டால் ஒரு கண் போய்விடவும் கூடும்.

வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே அந்நிய மொழி நிற்கலாகாது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே செயலிற் காட்டியவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் கண் வைத்திய நிபுணர் அல்லர். காய்ச்சல், வாந்திபேதி, பிரசவம், எலும்பு முறிவு, கண்நோய் என வருவன அனைத்தையும் ஒருவரே பார்க்க வேண்டியிருந்த காலம் அது. ஆயினும், கண்ணின் அமைப்பு முதல் அதன் நோய்கள் வரை மேனாட்டு மருத்துவம் கண்டறிந்தவற்றைத் தமிழிலேயே படிப்பதற்கு வழி திறந்தவர்களுள் அவரே முதன்மையானவர்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், குடும்பத்தின் பெயரே சூடிய கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் 1822 ஒக்டோபர் 10ஆம் திகதி அவர் பிறந்தார். பிள்ளைகள் பலர் கொண்ட பெரிய குடும்பம். இளமையிலேயே தாயை இழந்தார். உடன்பிறந்தவரான அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றார். சாமுவேல் நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்க மிஷன் சங்கத்தின் மருத்துவராகக் கப்பலேறி, 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவருக்கு முன்னரும் மிஷன் மருத்துவர்கள் இங்கு இருந்தனர். 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர் அவர்களுள் மூத்தவர். அவர் 1836இல் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடரே பின்னாளில் வேலூரில் பெரும் மருத்துவ நிலையத்தைக் கட்டியெழுப்பியவர். கிறீன் வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்துவிட்டு, 1848இல் மானிப்பாய்க்கு வந்தார். அவ்வாண்டே ஒரு சில மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார்.

அவர் வந்து சேர்ந்த நாடு வைத்தியம் அறியாத நாடன்று. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தவை எனப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஏடுகளாக இருந்தன. கண்நோய்கள் தொண்ணூற்றாறு என வகுத்துரைப்பது சித்த மருத்துவ மரபு. அந்த எண்ணிக்கையை இன்றைய மருத்துவம் ஏற்காதிருக்கலாம். ஆனால் மாலைக்கண், வெள்ளெழுத்து, படலம், புரை, கண்ணிற் பூ விழுதல் என நோயாளி உணர்வதையும் பிறர் பார்ப்பதையும் ஒருங்கே சுட்டும் சொற்கள் அம்மரபின் வழியும் மக்கள் வழக்கின் வழியும் தமிழில் நிறைந்திருந்தன. மாலைக்கண் என்ற ஒரு சொல்லிலேயே நோய் எப்போது தெரியும் என்ற விடையும் அடங்கியிருக்கிறது. விற்றமின் ஏ குறைவினால் அது வருவதென்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. முருங்கையிலை நிறைந்த குடாநாட்டில் அதற்கு மருந்து வேலியோரத்திலேயே நின்றது என்பது வேறு கதை.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று ஆங்கிலம் தேர்ந்த இளைஞரே அவரிடம் வந்தனர். கற்று முடித்தவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போயினர். கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்ப்பவரை உருவாக்க வந்தவருக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். 1857இல் அமெரிக்கா சென்று, 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து அவ்வாண்டே மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பியவர், 1864இல் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலமே உத்தியோகத்துக்கு ஏணி என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. அவரிடம் பயின்று வெளியேறிய அறுபதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே. உடலமைப்பும் உடற்றொழிலும் சுகாதாரமும் பற்றிய கட்டரின் நூலை 1850களிலேயே அங்காதிபாதம் எனத் தமிழாக்கி வெளியிட்டிருந்தார். அதனைத் தொடர்ந்து பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) எனப் பெருநூல்கள் வந்தன. மாணாக்கர் சிலர் மொழிபெயர்ப்பில் துணை நின்றனர். கிறீன் வரிக்கு வரி பார்த்துத் திருத்தினார். எல்லாவற்றையும் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். இரண வைத்தியத்துக்கு மூலமான ட்ரூயிட்டின் அறுவை மருத்துவ நூலில் கண்ணின் காயங்களுக்கும் நோய்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு.

சொற்களைத் தேர்வதில் அவர் கைக்கொண்ட முறை இன்றைக்கும் ஆராயத்தக்கது. முதலில் தமிழில் உள்ள சொல்லைத் தேடினார். நாட்டு வைத்தியரின் வழக்கையும் பழைய நூல்களையும் துருவினார். அங்கே கிடைக்காவிடின் வடமொழியிற் பார்த்தார். அதுவும் இயலாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். கெமிஸ்தம் என்னும் தலைப்பு அவ்வாறு பிறந்ததே. கலைச்சொற் பட்டியல்களையும் தொகுத்து அச்சிட்டார். சுகரணம், உற்பாலனம் போன்ற அவருடைய சொற்கள் சில நிலைக்கவில்லை. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. முதலில் நடப்பவனின் காலடிகள் எல்லாமே பாதையாகிவிடுவதில்லை.

மொழிபெயர்ப்பாளரே மருத்துவராகவும் அமைந்து, ஒரு மொழியை மருத்துவ மொழியாக்கிய வரலாறு உலகிற் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் அப்பாசிய கலீபாக்களின் ஆதரவில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தார். கண்ணைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலொன்றையும் எழுதினார். அவர் கிறிஸ்தவர், அவருடைய உழைப்பின் பயனைப் பெற்றது முஸ்லிம் உலகம் முழுவதும். அவர் ஆக்கிக் கொடுத்த சொற்களின் மேல் நின்றே, பின்வந்த அலி இப்னு ஈஸா நூற்றுக்கு மேற்பட்ட கண்நோய்களை வகைப்படுத்தினார். மௌஸில் நகரத்து அம்மார் துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்தார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகிறது என்று பஸ்ராவிற் பிறந்த இப்னுல் ஹைதம் நிறுவியதும் அந்த அரபு மொழியிலேதான். மானிப்பாயில் நடந்தது அத்துணைப் பெரிதன்று. ஆனால் அதே வகையைச் சேர்ந்தது.

கிறீன் மானிப்பாயில் உழைத்த ஆண்டுகளிலேயே ஐரோப்பாவில் கண்ணைச் சோதிக்கும் கலை தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1851இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் விழித்திரையை நேரிற் காணும் கருவியை அமைத்தார். 1862இல் நெதர்லாந்தின் ஸ்னெலன், இன்றும் ஒவ்வொரு கண் பரிசோதனை அறையிலும் தொங்கும் எழுத்துப் பலகையை வெளியிட்டார். அந்தப் பலகையும் படிப்பவன் மொழியிற் பேசியாக வேண்டும். ஆங்கில எழுத்தறியாதவனுக்குத் தமிழ் எழுத்தோ, திசை காட்டும் குறியோ வேண்டும். இல்லாவிட்டால் அது அவன் பார்வையை அளக்காது, படிப்பையே அளக்கும்.

இவ்விடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது நன்று. கிறீன் தமிழாக்கிய மனுஷ சுகரணத்தின் மூலநூலாசிரியர் டால்டன், அவர் பயின்ற நியூயோர்க் மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கிய அமெரிக்கர். நிறக்குருட்டுக்குத் தம் பெயரையே கொடுத்துவிட்ட ஜோன் டால்டன் வேறொருவர். அணுக் கொள்கையை வகுத்த ஆங்கிலேய வேதியியலாளர். தமக்குச் சிவப்பும் பச்சையும் மற்றவர்க்குத் தெரிவது போல் தெரியவில்லை என்பதை அவர் 1794இல் அறிவித்தார். தம் கண்ணினுள் இருக்கும் நீர் நீல நிறமாயிருப்பதே காரணம் என நம்பி, இறந்த பின் கண்ணைத் திறந்து பார்க்குமாறும் கேட்டுக்கொண்டார். 1844இல் அவ்வாறே பார்த்தபோது நீர் தெளிவாகவே இருந்தது. பேணிவைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தவர்கள், பச்சை ஒளியை உணரும் நிறமி அவரிடம் இல்லாதிருந்ததைக் கண்டனர்.

டால்டனைப் போன்ற அறிஞரே வளர்ந்த பின்புதான் தம் குறையை அறிந்தார் என்றால், நம் கிராமத்துச் சிறுவனின் நிலை என்ன? செம்மண் தோட்டத்தில் மிளகாய்ப் பழம் ஆயச் சென்றவன் பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்து வந்தால் கவனக்குறைவு என்று ஏச்சுக் கேட்பான். பிறவியிலேயே அப்படிப் பார்ப்பவனுக்கு முறையிட ஒன்றுமில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது என்றே அவன் நினைத்திருப்பான். தாய் வழியாக வரும் இக்குறை ஆண்களையே பெரிதும் பற்றும். ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இதனை உடையவர். புள்ளிகளுக்கிடையே எண்களை மறைத்துவைத்த ஜப்பானியர் இஷிஹாராவின் அட்டைகள் 1917இல் வந்தபின் சில நிமிடங்களிற் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் எவராவது கேட்க வேண்டும்.

நிறக்குருடு என்ற பெயரும் பொருத்தமானதன்று. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் வந்த இப்பெயரைக் கேட்ட தாய், பிள்ளை குருடாகிவிடுவான் என்று அஞ்சுகிறாள். இக்குறையுள்ளவருட் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கின்றனர். சிலவற்றைப் பிரித்தறிய இயலாமற் போகிறது, அவ்வளவே. நிறப்பார்வைக் குறைபாடு என்பதே பொருந்தும். ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் தேடிய கிறீன் போன்றவர்களின் பொறுமை இங்கே நினைவுக்கு வருகிறது.

அவருடைய நோக்கம் மருத்துவத்தோடு நின்றதன்று. அவர் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் மறைத்ததுமில்லை. அவர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், மிஷனரிமாருக்கு எதிராகச் சைவத்தையும் தமிழையும் நிலைநிறுத்தப் பாடுபட்டார். எதிரெதிர்க் கரைகளில் நின்ற இருவரும் தமிழ் உரைநடையையும் அச்சு நூலையுமே கருவியாகக் கொண்டனர். கிறீன் தம் மாணாக்கர் மேனாட்டு உடைக்கு மாறுவதை விரும்பவில்லை. மதம் மாறினாலும் தமிழராகவே வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். மதத்தில் அவரோடு உடன்படாத சைவரும் முஸ்லிம்களும் அவருடைய மருத்துவப் பணியை மதிப்பதற்குத் தடையேதுமில்லை.

உடல்நலங் குன்றி 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் நூற்பணியை விடவில்லை. மனுஷ சுகரணம் அச்சேறியது அவர் போய்ப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே. 1884 மே 28ஆம் திகதி, பிறந்த கிறீன் ஹில்லிலேயே உயிர் நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் எனத் தம் கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவர் மறைந்து நான்கு மாதங்களில், கண்ணில் விடும் கொக்கேயின் துளிகளால் வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை வியன்னாவின் கொல்லர் கண்டறிந்த செய்தி வெளியாயிற்று. கிறீனின் காலம் முழுவதும், புரை அகற்றப்பட்டவர்கள் அந்த வசதியை அறியாமலே கத்தியின் முன் படுத்தவர்கள்.

அவருடைய தமிழ் முயற்சி நீடிக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அதன் சான்றிதழுக்கே உத்தியோக மதிப்பு இருந்தது. மானிப்பாயின் தமிழ் நூல்கள் பாடநூலாகும் தகுதியை மெல்ல இழந்து அரும்பொருளாயின. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் எழுந்தபோது போதனை மொழி ஆங்கிலமாகவே இருந்தது. உலகளாவிய ஆய்வு ஆங்கிலத்தில் நடக்கும்போது அதைத் தவறென்று சொல்ல முடியாது. எனினும் நோயாளி இன்னும் தமிழிலேதான் நோகிறார். தென்னிலங்கை வைத்தியசாலையொன்றில், தாம் காணும் மங்கலைத் தெரியாத மொழியிற் சொல்ல முயன்று, கண்ணைத் தொட்டுக் காட்டிவிட்டு மௌனமாகும் தமிழ் பேசும் முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். மங்கல் என்றால் புரையின் புகைமூட்டமா, வெள்ளெழுத்தா, நீரிழிவு விழித்திரையைத் தின்பதா என்பது அந்த மௌனத்தில் மறைந்துபோகிறது.

கிறீனை மீண்டும் தமிழ் வாசகர் முன் கொண்டுவந்த பெருமை கவிஞர் அம்பிக்கு உரியது. மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறிந்தவர் பலர். அங்காதிபாதத்தைக் கையிலெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலரே.